எபிரெய வேர்ச்சொல்: எங்கே தோண்டலாம், எங்கே நிறுத்தலாம்?

தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் புதன்கிழமை மாலை வேதபாடம் நடத்துகிறவர். பதினைந்து, இருபது பேர் வருவார்களாம். ஒன்றரை வருடத்துக்கு முன் அவருடைய மகன் போனில் ஒரு வேதாகமச் செயலியை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். வசனத்தின் மேல் விரலை வைத்தால் பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயத்தின் சொல்லும், அதற்கென்று கொடுக்கப்பட்ட 'ஸ்ட்ராங் எண்' என்ற எண்ணும், வேரும் வரும். அதோடு வேர்ச்சொல் விளக்க வீடியோக்களையும் பார்க்கத் தொடங்கி, பார்த்ததைப் பாடத்திலும் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

சமாதானம் என்று பொருள்படும் 'ஷாலோம்' என்ற சொல்லின் நான்கு எழுத்துகளும் நான்கு படங்கள், அவற்றைச் சேர்த்தால் "குழப்பத்தை உண்டாக்கும் அதிகாரத்தை அழிப்பது" என்று பொருள் வரும் என ஒரு வாரம் சொல்லியிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் மெதுவாக, "இது 'அம்மா'வில் உயிர், மெய், உயிர்மெய் மூன்றும் இருக்கிறது என்று மேடையில் சொல்வோமே, அந்த மாதிரி இருக்கிறதே" என்றிருக்கிறார். இன்னொரு வாரம், கல்யாணமாகி எட்டு மாதமான பெண் ஒருத்தி, "ஏற்ற துணை என்றால் என்ன அக்கா? 'நீ துணைதான், தலை அவன்' என்று எங்கள் அத்தை எதற்கெடுத்தாலும் சொல்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறாள். மனைவி கணவனை எதிர்க்கவேண்டும் என்று வீடியோவில் கேட்ட பதிலைச் சொல்லலாமா என்று வாசகிக்குத் தயக்கம். இதற்கிடையில் ஆயர், "இருக்கிற தமிழ் வேதாகமம் போதாதா அம்மா?" என்று கேட்டுவிட்டார். மூன்று மாதத்தில் எபிரெயம் கற்றுத் தந்து சான்றிதழும் தருகிற இணைய வகுப்புக்கு 18,000 ரூபாய் கட்டலாமா என்ற யோசனை வேறு.

"நான் செய்வது தப்பா? தமிழ் வேதாகமத்தில் பிழை இருக்கிறதா? எபிரெயமே தமிழிலிருந்து வந்தது என்கிறார்களே, அது உண்மையா?" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் செய்வது தப்பில்லை. சிலவற்றைச் செய்கிற முறைதான் தப்பு. அதே தப்பை நானும் செய்திருக்கிறேன்.

பழைய ஏற்பாடு சொல்லிக்கொடுக்க வந்த முதல் வருடம், ஒரு கிராமத்துச் சபையில் பிரசங்கம். எபிரெயத்தில் 'தாவார்' என்றால் வார்த்தை, 'மித்பார்' என்றால் வனாந்தரம், இரண்டுக்கும் ஒரே மூன்று எழுத்து, த-ப-ர் ('ப்' சில இடத்தில் 'வ்' என்று ஒலிக்கும்). ஆகவே வனாந்தரம் என்றாலே தேவன் பேசுகிற இடம் என்று முழங்கினேன். ஜனங்கள் ஆமென் சொன்னார்கள். எனக்கு எபிரெயம் கற்றுத்தந்த ஐயாவும் அன்று வந்திருந்தார். பிறகு டீ குடிக்கும்போது ஒரு துண்டுத்தாளில் இன்னும் இரண்டு சொற்களை எழுதி நீட்டினார். 'தெவெர்', கொள்ளைநோய். 'தெவோரா', தேனீ. இவற்றுக்கும் அதே மூன்று எழுத்துதான். "அடுத்த வாரம் தேனீயைப் பற்றிப் பேசு" என்றார். அந்தத் துண்டுத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வனாந்தரத்தில் தேவன் பேசினார் என்பது பொய்யில்லை. சீனாயும் எலியாவின் ஓரேபும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் அது கதையிலிருந்து கிடைக்கிற உண்மை, எழுத்திலிருந்து கிடைத்ததில்லை. 'மித்பார்' என்பது ஆடுமாடுகளை ஓட்டிச்செல்லும் மேய்ச்சல் வெளி என்ற பொருளில் பிறந்திருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்படியென்றால் பேச்சோடு அதற்குப் பிறப்பிலேயே உறவில்லை.

அப்புறம் ஒருநாள் ஓசியா 2:14 வாசித்தேன். "அவளை வனாந்தரத்தில் அழைத்துக்கொண்டுபோய், அவளோடே பட்சமாய்ப்" பேசுவேன் என்கிறார் கர்த்தர். எபிரெயத்தில் இங்கே 'மித்பார்' வருகிறது, அடுத்த மூச்சில் 'திப்பார்த்தி', பேசுவேன், வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓசையை ஒலிக்கவிட்டது தீர்க்கதரிசியே. இந்த வசனத்தில் நான் அன்று முழங்கியதைத் தாராளமாகச் சொல்லலாம். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதுதான்: எழுதியவரே சொல்லை ஆட்டிக் காட்டுகிற இடத்தில் தோண்டுங்கள். அவர் சும்மா கடந்துபோகிற இடத்தில் நீங்களும் கடந்துபோங்கள்.

வேர் என்றால் என்ன

எபிரெயத்தில் 22 எழுத்துகள், எல்லாம் மெய்கள். பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களைச் சுற்றிக் கட்டப்பட்டவை. உயிரொலிகளும் முன்னொட்டுகளும் மாற மாறச் சொல் மாறும். ஷ-ல-ம் என்ற மூன்றிலிருந்து 'ஷாலோம்' வருகிறது, முழுமையான என்று பொருள்படும் 'ஷாலேம்' வருகிறது, ஈடு கொடுத்தான் என்று பொருள்படும் 'ஷில்லேம்' வருகிறது. நம் தெருவில் கேட்கிற சலாமும் அரபு வழியாக இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இப்போது அச்சில் காணும் உயிர்க்குறிகளை மசொரேத்தியர் என்ற யூத அறிஞர்கள் பிற்காலத்தில்தான் ஒழுங்குபடுத்திச் சேர்த்தார்கள். அப்படிக் குறியிட்ட முழுமையான கைப்பிரதிகளில் நமக்குக் கிடைத்த மிகப் பழையது 1008-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

ஆகவே வேர் என்பது குடும்பப் பெயர் மாதிரி. ஒரே குடும்பத்தில் டாக்டரும் இருப்பார், கடன்காரரும் இருப்பார். யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தில் திருடினவன் ஈடு கட்டவேண்டும் என்று வரும் இடங்களில் 'ஷில்லேம்' வினை திரும்பத் திரும்ப வருகிறது. குறைந்துபோனதை நிரப்பி முழுமையாக்குவது என்ற எண்ணம் அங்கே அழகாகத் தெரியும். அதற்காக ஷாலோம் வருகிற இடத்திலெல்லாம் "கடன் தீர்ந்தது" என்று பொருள் சொல்லிவிட முடியாது. ஆதியாகமம் 29:6-இல் யாக்கோபு லாபானைப் பற்றி மேய்ப்பர்களிடம் விசாரிக்கும்போது கேட்பது இந்த ஷாலோம்தான். தமிழில் "சுகமாயிருக்கிறானா" என்று இருக்கிறது. நாம் எதிரே பார்த்தவரிடம் கேட்பதும் அதுதானே. 2 சாமுவேல் 11:7 இன்னும் வேடிக்கை. தாவீது உரியாவைக் கூப்பிட்டு யோவாபின் ஷாலோமையும், ஜனங்களின் ஷாலோமையும், யுத்தத்தின் ஷாலோமையும் விசாரிக்கிறான். போருக்கு ஏது சமாதானம்? "சண்டை எப்படிப் போகிறது?" என்கிறான், அவ்வளவுதான். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டவன் உரியாவிடமே மூன்று முறை அந்தச் சொல்லை உச்சரிப்பதுதான் அந்த வசனத்தின் கொடுமை. அதைப் பார்க்க வேர் வேண்டாம். ஒரே வசனத்தில் ஒரே சொல் மூன்று முறை வருகிறது என்று தெரிந்தால் போதும்.

இன்னொரு உதாரணம். 'லெகெம்' என்றால் அப்பம், பெத்லகேமில் இருப்பது. 'மில்காமா' என்றால் யுத்தம். இரண்டிலும் அதே ல-க-ம்தான். சாப்பாட்டுக்காகத்தான் சண்டை என்று ஒருவர் செய்தி கொடுத்துவிடலாம், கேட்க நன்றாகவும் இருக்கும். எந்த எபிரெயனும் ரொட்டி பிட்கும்போது போரை நினைத்திருக்கமாட்டான். நாம் 'ஆறு' என்று எண்ணும்போது தாமிரபரணியை நினைக்கிறோமா?

எழுத்துப் படங்கள்

இதில் உங்கள் தமிழாசிரியை பக்கம்தான் நான். 'அம்மா'வில் உயிர், மெய், உயிர்மெய் மூன்றும் இருக்கின்றன, உண்மை. 'அப்பா'விலும் இருக்கின்றன. 'அக்கா'விலும் உண்டு. ஏன், 'அம்மி'யிலும் உண்டு! எழுத்தின் வகையை வைத்துச் சொல்லுக்குப் பொருள் சொன்னால் இந்த இடத்தில்தான் வந்து முட்டும்.

எபிரெய எழுத்துகளின் மூதாதைகள் படங்களாக இருந்தது மெய்தான். 1905-இல் சீனாய் தீபகற்பத்தின் செராபித் எல்-காதிம் என்ற பழைய டர்க்காய்ஸ் (நீலப்பச்சைக் கல்) சுரங்கப் பகுதியில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற தொல்லியலாளர் கண்டெடுத்த கல்வெட்டுகளில் மாட்டுத் தலையும் நீர் அலையும் எழுத்தாக நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் அந்தப் படம் ஓர் ஒலிக்காக நின்றது. வீட்டுக்கு 'பெத்' என்று பேர் இருந்ததால் வீட்டுப் படம் 'ப்' என்ற ஒலியைக் குறித்தது, அவ்வளவே. படங்களைக் கோத்து அவர்கள் சொற்களை உண்டாக்கவில்லை. சொல் முதலில் வாயில் இருந்தது, அதை எழுத ஒலிக்குறிகள் பிறகு வந்தன. அதுவும் இன்று அச்சில் பார்க்கிற சதுர எழுத்து, பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் அரமேய எழுத்திலிருந்து வந்தது. ஷாலோமுக்கு அந்த வீடியோ சொன்ன பொருள் எபிரெய அகராதி எதிலும் இல்லை, வேதத்தில் ஒரு வசனத்திலும் பொருந்தவும் இல்லை. அடுத்த புதன்கிழமை, "போன மாதம் சொன்னது சரியில்லை, விசாரித்துத் தெரிந்துகொண்டேன்" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். உங்கள் மேல் மரியாதை கூடத்தான் செய்யும்.

செயலியில் வரும் எண்

ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்டது ஆங்கிலத்தின் கிங் ஜேம்ஸ் வேதாகமத்துக்கான ஒத்துவாக்கிய நூல். எந்த ஆங்கிலச் சொல் எங்கே வருகிறது, அதன் பின்னால் எந்த எபிரெயச் சொல் இருக்கிறது என்று தேடுவதற்காக ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்தார். மகத்தான உழைப்பு. ஆனால் எண்ணுக்குக் கீழே வரிசையாக வருகிற பொருள்களில் பெரும்பகுதி, கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லை எங்கெங்கே எப்படிப் பெயர்த்தார்கள் என்ற பட்டியல். நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ள அது ஓட்டல் மெனு இல்லை. ஒரு வசனத்தில் ஒரு பொருள்தான் இருக்கும், அதைத் தீர்மானிப்பது அந்த வசனம்.

ஈசாக்கின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'சிரிப்பான்' என்று பொருள். அதே வேரின் ஒரே வடிவம், 'மெத்ஸகேக்', இரண்டு இடங்களில் வருகிறது. ஆதியாகமம் 21:9-இல் ஆகாரின் மகன் அதைச் செய்கிறான். தமிழில் பரியாசம்பண்ணுகிறான் என்று வரும். 26:8-இல் ஈசாக்கு ரெபெக்காளோடே அதைச் செய்கிறான். ராஜா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இவள் உன் தங்கை இல்லை, பெண்டாட்டி" என்று கண்டுபிடிக்கிறான்! பரியாசம்பண்ணியதைப் பார்த்தா கண்டுபிடித்திருப்பான்? ஒரே எண், ஒரே வடிவம், இரண்டு வேறு செயல்கள். பெயரிலேயே சிரிப்பை வைத்திருக்கிறவனைப் பற்றி எழுதுகிறவர் வேண்டுமென்றேதான் இந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுகிறார். ஆபிரகாமின் சிரிப்பு, சாராளின் சிரிப்பு, இதோ இது. இங்கே தோண்டலாம், தோண்டத்தான் வேண்டும்.

லேவியராகமம் 20:17 ஓர் எச்சரிக்கை. 'ஹெசெத்' என்ற சொல்லை நீங்கள் கட்டாயம் பாடத்தில் சொல்லியிருப்பீர்கள்: சங்கீதம் 136-இல் 26 வசனத்திலும் வருகிற "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பதன் கிருபை. லேவியராகமத்தின் இந்த ஒரு வசனத்தில் அதே எழுத்து, அதே உச்சரிப்பில் அது வெட்கக்கேடு என்று பொருள்படுகிறது. உருவம் ஒன்றான வேறு சொல். செயலியை மட்டும் நம்பி அங்கே கிருபையைப் புகுத்தினால் விபரீதம்.

அந்தப் பெண்ணின் கேள்வி

இங்கேதான் வேர்ச்சொல் ஆராய்ச்சி உண்மையாகவே ஒருவர் வாழ்க்கைக்கு உதவும் இடம் வருகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். போனைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆதாமுக்கு ஏற்ற துணையை உண்டாக்குவேன் என்று தேவன் சொல்கிற ஆதியாகமம் 2:18-இல் 'துணை' மேல் விரலை வையுங்கள். 'எஸெர்', எண் 5828. விளக்கத்தைப் படிக்காதீர்கள். இந்த எண் வருகிற மற்ற வசனங்களைக் காட்டு என்ற வசதி இருக்கும், அதைத் தட்டுங்கள். சங்கீதம் 121 வரும்: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக." அந்த ஒத்தாசை, எஸெர். யாத்திராகமம் 18:4 வரும், மோசே தன் மகனுக்கு எலியேசர் என்று பேர் வைத்ததன் காரணம்: என் பிதாவின் தேவன் எனக்கு எஸெர். 1 சாமுவேல் 7:12-இல் சாமுவேல் நிறுத்தின கல் எபெனேசர், எஸெரின் கல். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று உங்கள் ஊரில் எத்தனை வீட்டு நிலைவாசலிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கிறது! எத்தனை பையன்களுக்கு எபெனேசர் என்று பேர்! தமிழில் துணை, ஒத்தாசை, உதவி என்று மூன்று சொற்களாகப் பிரிந்துவிட்டதால், இவையெல்லாம் ஒன்று என்று நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. பழைய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் வருகிற இடங்களில் பெரும்பாலானவற்றில் எஸெராக இருப்பவர் கர்த்தர்.

ஆகவே 'துணை' என்றால் கீழ்ப்பட்டவள் என்று அந்த மாமியார் சொல்வதற்கு இந்தச் சொல் இடம் தராது. அப்படியானால் கர்த்தரும் நமக்குக் கீழ்ப்பட்டவராகிவிடுவார்.

ஆனால் வீடியோக்காரர்கள் இதை இன்னொரு பக்கம் இழுக்கிறார்கள். எஸெர் என்றால் மீட்பர், ஆகவே மனைவி கணவனுக்கு மேல் என்பார்கள். ஏசாயா 30:5-ஐப் பாருங்கள். எகிப்தின் பிரயோஜனமற்ற உதவிக்கும் இதே சொல்தான். உதவுகிறவர் மேலா கீழா என்று சொல் சொல்லாது. அது உதவியை மட்டும் சொல்கிறது.

'ஏற்ற' என்பது எபிரெயத்தில் 'கெநெக்தோ'. 'நெகெத்' என்றால் எதிரே, முன்னால். அதனால் மனைவி கணவனை எதிர்க்கவேண்டும் என்று நீங்கள் கேட்ட வீடியோ சொல்கிறது. இது புதிதும் இல்லை. 11-ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி, பழைய ரபீக்களின் மரபையொட்டி, "அவன் தகுதியுள்ளவனானால் துணை, இல்லாவிட்டால் எதிர்ப்பு" என்று இதே சொல்லை வைத்து விளையாடியிருக்கிறார். அது பிரசங்க நயம். இலக்கணம் சொல்வது, அவனுக்கு எதிரே சரிக்குச் சரியாக நிற்கக்கூடிய, அவனுக்கு ஈடான என்பது. தமிழிலும் இந்தச் சிக்கல் உண்டே: எதிர்வீட்டுக்காரர் எல்லாரும் எதிரிகளா? முந்தின வசனங்களையும் பிந்தினவற்றையும் சேர்த்து வாசியுங்கள். ஆதாமுக்கு முன் மிருகங்கள் வரிசையாக வருகின்றன, ஒன்றும் அவனுக்கு ஈடாக இல்லை. கடைசியில் அவளைப் பார்த்ததும் "என் எலும்பில் எலும்பு" என்கிறான். 'கெநெக்தோ'வுக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

அந்த இடத்திலேயே நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். 'ஈஷ்', 'இஷ்ஷா' என்ற ஓசை விளையாட்டை 'மனுஷன்', 'மனுஷி' என்று அப்படியே பிடித்துவிட்டார்கள். இத்தனைக்கும் ஈஷ், இஷ்ஷா இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை இல்லை என்பதே மொழியறிஞர் பலரின் முடிவு. எழுதியவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, ஓசை போதும்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குக் கூட்டத்தில் வைத்துச் சொல்லாமல் தனியே சொல்லுங்கள். கூட்டத்தில் சொன்னால் அன்று ராத்திரியே அத்தையின் காதுக்குப் போய்விடும். ஒருவேளை அந்த வீட்டில் அடி, மிரட்டல் என்று ஏதாவது இருக்குமானால், அது எபிரெயத்தால் தீரும் காரியமில்லை. பெண்கள் உதவி எண் 181-ஐ அவளிடம் கொடுத்துவையுங்கள்.

தமிழ் வேதாகமத்தில் பிழையா?

சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை முடித்து 1719-இல் இறந்துபோனார். சூல்ட்சே தொடர்ந்தார், பப்ரிசியுஸ் திரும்பச் செய்தார், பவர் தலைமையில் ஒரு குழு திருத்தியது 1871-இல் வந்தது. நம் கையிலிருக்கும் பழைய மொழிபெயர்ப்பு அதுதான். இத்தனை பேர் எபிரெயத்தோடு மல்லுக்கட்டியதை ஒரு செயலி தள்ளிவிடாது. ஆயர் கேட்ட "போதாதா"வுக்கும் இதுதான் பதில்: விசுவாசத்துக்குப் போதும். சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கூடக் கொஞ்சம் தெரிந்திருந்தால் தப்பாகச் சொல்லாமல் இருக்கலாம். பாடக்குறிப்பை முதல் நாளே ஆயரிடம் காட்டிவிடுங்கள், பாதிச் சங்கடம் அதிலேயே போய்விடும்.

மாறியிருப்பது தமிழ். சங்கீதம் 119-இல் 'கற்பனைகள்' என்று வாசிக்கும்போது உங்கள் மகனுக்கு என்ன தோன்றும்? கட்டளை என்றா தோன்றும்? இந்தச் சொல்லுக்குக் கட்டளை என்ற பொருள் ஒரு காலத்தில் புழங்கியது, இன்று கற்பனை என்றால் மனதில் நினைத்துக்கொள்வது. சொல் அப்படியேதான் இருக்கிறது, பொருள் வீடு மாறிவிட்டது. எபிரெயத்துக்கும் இது நடந்திருக்கும் என்பதை எப்போதும் மனதில் வையுங்கள். 1961-இல் ஜேம்ஸ் பார் என்ற அறிஞர், சொல்லின் பிறப்பை வைத்து வேதத்துக்குப் பொருள் சொல்லும் பழக்கத்தை விரிவாக மறுத்து எழுதிய பிறகு, கல்லூரிகளில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் நின்றுபோனது. வீடியோக்களில்தான் நிற்கவில்லை.

தமிழில் நிஜமாகவே தொலைந்துபோனவையும் உண்டு. எரேமியா 1:11-ஐ எடுங்கள். என்ன காண்கிறாய் என்று கர்த்தர் கேட்க, வாதுமை மரத்தின் கிளை என்கிறான். நீ கண்டது சரியே, என் வார்த்தையைத் தீவிரமாய் நிறைவேற்றுவேன் என்கிறார். வாதுமைக்கும் தீவிரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்! எபிரெயத்தில் வாதுமை 'ஷாக்கேத்', கர்த்தர் சொல்வது 'ஷோக்கேத்': விழித்திருந்து கவனிக்கிறேன். சங்கீதம் 127:1-இல் "காவலாளர் விழித்திருக்கிறது விருதா" என்று வரும் அதே வினை. அந்த நாட்டில் குளிர் முடிவதற்குள் மற்ற மரங்களெல்லாம் தூங்கும்போது, இலைகூட விடாமல் வெள்ளையாகப் பூத்து முதலில் விழித்துக்கொள்வது வாதுமை. நம் தெருவோரத்தில் அகல இலையோடு நிற்கிற வாதாங்கொட்டை மரம் வேறு, அதை நினைத்துக்கொண்டு வாசித்தால் ஒன்றும் புரியாது. இந்த ஒரு வசனத்துக்கே ஒரு புதன்கிழமை போதாது.

இன்னொன்று ஆமோஸ் 8. கூடையில் பழுத்த பழம், 'காயித்ஸ்'. உடனே, என் ஜனத்துக்கு முடிவு வந்தது, 'கேத்ஸ்'. இவை இரண்டும் ஒரே வேர்கூட இல்லை! காதில் ஒன்றுபோல் விழுகிறது, தீர்க்கதரிசிக்கு அது போதும். 1908-இல் இஸ்ரவேலின் பழைய ஊரான கேசேரில் கிடைத்த சுண்ணக்கல் பலகையில் கோடைப் பழ மாதத்தை நடு எழுத்தில்லாமல் 'க-த்ஸ்' என்றே கீறியிருக்கிறார்கள். அப்படிப் பேசியவர்கள் காதில் பழமும் முடிவும் ஒன்றாகவே விழுந்திருக்கும்.

தமிழும் எபிரெயமும்

"அப்பா, பிதாவே" என்று ரோமர் 8:15-இல் பார்க்கும்போது நமக்கு ஒரு சிலிர்ப்பு வரும். அந்த அப்பா அரமேயம். குழந்தையின் வாயில் முதலில் வருவது ப, ம ஒலிகள்தான், அதனால் தொடர்பே இல்லாத எத்தனையோ மொழிகளில் பெற்றோருக்கு இந்த ஒலிகளில் பேர் இருக்கிறது. தமிழ் திராவிடக் குடும்பம், எபிரெயம் செமித்தியக் குடும்பம். ஒன்று மற்றதற்குத் தாய் இல்லை.

கப்பலில் போன உறவு இருந்திருக்கலாம். 1 இராஜாக்கள் 10:22-இல் சாலொமோனுக்கு வந்த மயில்களுக்கு எபிரெயத்தில் 'துக்கியீம்' என்று பேர். இது நம் 'தோகை' என்று கால்டுவெல் 1856-இல் எழுதினார். பலர் ஏற்றுக்கொண்டார்கள், மறுப்பவர்களும் உண்டு. இதைப் பாடத்தில் சொல்லுங்கள், சுவையாக இருக்கும். 'இருக்கலாம்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

18,000 ரூபாய்

இப்போது கட்டவேண்டாம். எழுத்துக்கூட்டி வாசிக்க மூன்று வாரம் போதும். வினைக்கு ஏழு முக்கியமான அமைப்புகள் உண்டு. அகராதியோடு உட்கார்ந்து ஒரு கதையை வாசிக்கும் அளவுக்கு வர, என் அனுபவத்தில், ஒரு வருடமாவது வேண்டும். மூன்று மாதத்தில் முடியும் என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வினை வடிவங்களைச் சொல்லித் தருவீர்களா, வேர்ச்சொல் விளக்கம் மட்டுமா? இரண்டாவதென்றால் அது நீங்கள் இலவசமாகப் பார்க்கிற வீடியோதான். சான்றிதழை எந்த இறையியல் கல்லூரி ஏற்கும் என்றும் கேட்டுப் பாருங்கள். நிஜமாகவே படிக்க ஆசை என்றால் மதுரை அரசரடியிலும் சென்னை கீழ்ப்பாக்கத்திலும் இறையியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே பழைய ஏற்பாட்டு ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், வழி சொல்வார்கள்.

அதுவரை செலவில்லாத ஒரு வழி. பழைய மொழிபெயர்ப்பையும் 1995-இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அதிகாரத்தை வாசியுங்கள். சொல் மாறுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். சங்கீதம் 136-இல் ஒன்று கிருபை என்று சொல்லும், மற்றது பேரன்பு என்று சொல்லும். அங்கே மட்டும் செயலியைத் திறந்து, அந்தச் சொல் வருகிற மற்ற வசனங்களைப் பாருங்கள்.

அடுத்த பாடத்துக்குச் சங்கீதம் 119-ஐ எடுத்து, 'கற்பனை' என்ற சொல்லை விளக்கும் பத்து நிமிடத்தை அந்தத் தமிழாசிரியையிடமே விட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.